பன்னிரண்டு தாளுக்கு ஒரே விடியல்

ஜூன் 10, திங்கள்

மை கம்பெனிக்காரர்கள் தை மாதம் கொடுத்த டைரி இத்தனை நாளாகச் சும்மா கிடந்தது. மாரி அதன்மேல் சீப்பு வைத்துக்கொண்டிருந்தாள். சீப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இன்று எழுதத் தொடங்குகிறேன். எழுத வேண்டிய விஷயம் வந்துவிட்டது.

என் மகள் வயிற்றுப் பேத்தி முத்துமாரிக்கு அச்சாபீஸில் வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் முப்பத்தொரு வருஷம் தாள் பார்த்த அதே அச்சாபீஸ். அடுத்த வருஷ மாதக் காலண்டருக்குப் பன்னிரண்டு படம். பெரிய முதலாளி அந்தக் காலத்தில் ஆசையாக எடுத்துவைத்த கருப்பு வெள்ளைப் படங்கள். தேர், பனங்காடு, உப்பளம், கண்மாய், ரயிலடி என்று பல இடம், பல நாள். பன்னிரண்டுக்கும் ஒரே நிறச்சாயல் கொடுத்து, எல்லாமே ஒரு நாள் விடியற்காலையில் எடுத்ததுபோல் காட்ட வேண்டும் என்பது சின்ன முதலாளி செல்வமணியின் எண்ணம். ஆடிப் பதினெட்டு அன்று ஏஜெண்டுகள் முன்னால் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைத் திறப்பார்கள். சிவகாசியில் அடுத்த வருஷம் பிறப்பது அன்றைக்குத்தான். ஆல்பம் எடுபட்டால் மாரிக்கு டிசைன் பிரிவில் நிரந்தர வேலை. எடுபடாவிட்டால் திருப்பூருக்குப் போய் அவள் அம்மாவோடு பனியன் கம்பெனியில் உட்கார வேண்டியதுதான்.

"சீனியக்கா பேத்தியா? அப்ப கண்ணு அங்கருந்துதான் வந்திருக்கும்" என்றாராம் செல்வமணி. மாரி வந்து சொன்னாள். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் மெஷின் ஓடும்போது மை ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கையைத் தூக்குவேன், மெஷின் நிற்கும். பட்டம் படித்த சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஜூன் 12, புதன்

மாரி கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்று இன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏதாவது ஒரு கலர் போட்டோவைத் திறக்கிறாள். கண்ணுக்கு மருந்து விடுகிற குழாய் மாதிரி மூலையில் சின்னதாக ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டோவில் ஓர் இடத்தில் அமுக்கினால், அந்த இடத்து நிறத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கீழே நீளமாக ஒரு பட்டை. இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். உறிஞ்சிய நிறங்களை வரிசையாக அதில் நிறுத்துகிறாள். ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ளதைக் கம்ப்யூட்டரே கட்டி தட்டாமல் குழைத்துக்கொள்கிறது. இதற்கு கிரேடியன்ட் என்று பெயராம். எனக்குப் பட்டை என்றால் போதும்.

வித்தை அதற்கப்புறம்தான். கருப்பு வெள்ளைப் படத்தின்மேல் பட்டையைப் போட்டால், கருப்பாக இருந்த இடம் பட்டையின் இருட்டு நிறத்தை வாங்கிக்கொள்கிறது. வெளுப்பாக இருந்த இடம் வெளிச்ச நிறத்தை வாங்கிக்கொள்கிறது. பட்டைக்குப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் எத்தனை படமானாலும் ஒரு தட்டு.

பழகிப் பார்க்க, ஊறுகாய்க்கு நான் நறுக்கிவைத்திருந்த மாங்காயைப் போனில் படம் பிடித்து, அதிலிருந்து பட்டை எடுத்துத் தேருக்குப் போட்டாள். தேர் முழுக்க மாங்காய் நிறம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"பட்டை தப்புன்னா ஒரு படம் தப்பாகாது அம்மாச்சி. பன்னெண்டும் தப்பாயிரும். அதான் பயமா இருக்கு."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

ஜூன் 13, வியாழன்

ஹாலில் டியூப்லைட் மங்கல். மாற்றச் சொல்லி ஆள் கூப்பிட்டேன். "நல்லாத்தான எரியுது பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏணி ஏறச் சோம்பல்.

ஜூன் 15, சனி

மாரி விடியுமுன் சைக்கிளில் ஊருக்கு மேற்கே கண்மாய்க்குப் போய் படம் எடுத்து வந்தாள். தண்ணீரும் வானமும் கரையில் நாலு பனையும். அதிலிருந்து ஐந்து சொட்டு உறிஞ்சிப் பட்டை கட்டினாள். "கண்மாய்" என்று பெயர் வைத்தாள். பெரிய முதலாளியின் கண்மாய்ப் படத்தின்மேல் அதைப் போட்டுக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. பழைய வேட்டியை வெயிலில் போட்டதுபோல் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"இது விடியலா? இதுல நீலம் எங்க?"

"இருக்கே அம்மாச்சி, இங்க பாருங்க. படத்துல இருக்குறதத்தான எடுத்திருக்கேன்?"

"படம் என்னத்தக் கண்டுச்சு? அறுபது வருஷமா விடியுமுன்ன எந்திரிக்கிறவ நான். விடியல் எனக்குத் தெரியாதா?"

பட்டையில் இருந்த நிறங்களை நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினாள். இன்னும் என்றேன். இன்னும் நகர்த்தினாள்.

"ரொம்ப நீலமாத் தெரியல?"

"இப்பத்தான் விடியுற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு சொட்டு."

அவள் அதைத் தனியாகச் சேமித்தாள். பெயர் வைக்கவில்லை. வெறும் "2" என்று போட்டாள்.

ஜூன் 17, திங்கள்

சோப்புக் கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் தலையணை உறை வெளுக்க மாட்டேன் என்கிறது. நீலம் கூடக் கொஞ்சம் விட்டு அலசிக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் கொடிக்கு அடியில் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, தலகாணி உறைக்குச் சாயம் போட்டீங்களா?" என்கிறாள். அவளுக்கு யார் வீட்டுத் துணியையும் நல்லது சொல்லத் தெரியாது.

ஜூன் 21, வெள்ளி

சின்ன முதலாளி கார் அனுப்பினார். நாலு வருஷம் கழித்து அச்சாபீஸுக்குள் போனேன். அதே மைவாசனை. ஜன்னல் எல்லாம் அதேபோல் அடைத்துத்தான் இருக்கிறது. காற்றுப் பட்டால் தாள் சுருண்டுவிடும்.

மேஜையில் மாதிரித் தாளை விரித்தார்கள். பன்னிரண்டு படமும் ஒரே தாளில். அந்த "2" பட்டை போட்டது. ஏஜெண்டுக்குக் காட்டுகிற தாளில் செல்வமணி கண்ணை ஓட்டக்கூட இல்லை.

"அக்கா பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"அப்ப நான் எதுக்குப் பார்க்கணும்? போடுங்க கையெழுத்த."

கையெழுத்துத் தாள் என்றால் எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதற்கப்புறம் மெஷின் அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். போட்டேன். "சீ" என்று தொடங்கி நீளமாக இழுத்து. மாரி என் பக்கத்தில் நின்றாள். அவள் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஊசியில் நூல் கோக்க மாரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது வருகிற ஊசிக்குக் காதே சரியாக இல்லை.

ஜூன் 27, வியாழன்

மாரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். விசாரித்தேன். டிசைன் பிரிவில் கதிரேசன் என்று ஒருவர், பெரிய ஆள், மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பன்னெண்டு மாசமும் நீச்சல்குளத்துக்குள்ளயே இருக்கோம்?" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"எங்க அம்மாச்சி பார்த்தது, அவங்க கையெழுத்துப் போட்டதுன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசல."

பேசமாட்டார். ஆனால் அந்த வார்த்தை எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. நீச்சல்குளமாம். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கண்மாய்க்கே போய் வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் அந்தக் கதிரேசனிடம் பேசுகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

போனேன்.

மாரி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோ பிடித்து இருட்டோடு கண்மாய்க் கரையில் இறங்கினேன். இரண்டு தாள் கொண்டுபோயிருந்தேன். ஒன்று மாரி முதலில் கட்டிய "கண்மாய்" பட்டையில் வீட்டு பிரிண்டரில் எடுத்த கண்மாய்ப் படம். இன்னொன்று நான் கையெழுத்துப் போட்டதன் நகல்.

வெளுத்து வந்தது. தண்ணீரைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூத்துக் கிடந்தது. பழைய வேட்டி. மாரியின் முதல் தாளை உயர்த்திப் பிடித்தேன். அச்சுப்போல் அதுவேதான். தாளுக்கும் கண்மாய்க்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. தாள் பார்ப்பது என் தொழில். இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். இது ஒத்துப்போகிறது. நான் கையெழுத்துப் போட்டது ஒத்துப்போகவில்லை.

துணி துவைக்க வந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன்.

"தாயி, வானம் இப்ப என்ன கலர்ல இருக்கு?"

மேலும் கீழும் பார்த்தாள். "என்ன பாட்டி கேள்வி? நீலமாத்தான் இருக்கு. அந்தா, கீழ லேசா ரோஸ்."

"நீலமாவா?"

"வெளிர் நீலம். நல்லாத்தான இருக்கு?"

இரண்டு தாளையும் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதல் தாளைத் தொட்டாள். "இது நம்ம கம்மா." அடுத்ததைப் பார்த்துச் சிரித்தாள். "இது ஏதோ சினிமாவுல டான்ஸ் ஆடுற ஊரு."

வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றினேன். மாரி எங்கே போனீர்கள் என்று கேட்டாள். கோயிலுக்கு என்றேன்.

ஜூலை 1, திங்கள்

இன்று விசேஷம் ஒன்றும் இல்லை. ரசம் வைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் பிளேட் போடுகிறார்களாம். பிளேட் போட்டுவிட்டால் பன்னிரண்டு தாளும் போனதுதான். மாரி சொல்லிக்கொண்டே தலை சீவினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையில் எது பழுத்த இலை, எது பச்சை என்று தடவிப் பார்த்துத்தான் பிரித்தேன். எவ்வளவு நாளாகத் தடவிப் பார்க்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை.

ஜூலை 3, புதன்

செல்வமணிக்குப் போன் போட்டேன். எடுத்தார். "சொல்லுங்கக்கா" என்றார். "மழை பெய்யுதா அங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவர் ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

ஜூலை 4, வியாழன்

காலையில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு மாரியோடு கிளம்பினேன். எதற்கு என்று கேட்டாள். நட என்றேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் போட்ட தாளைச் செல்லாது என்று ஆக்க வேண்டுமானால், போட்டவரேதான் ஆக்க வேண்டும். போட்ட மேஜையிலேயே வைத்து, மெஷின்காரர் பார்க்க, குறுக்கே கோடு போட வேண்டும். பெரிய முதலாளி வைத்த முறை. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேர் கோடு போட்டிருக்கிறார்கள். நான் போட்டதில்லை.

செல்வமணி எழுந்து வந்தார். "வாங்கக்கா. சொல்லியிருந்தா கார் அனுப்பிருப்பேனே."

"அந்தக் கையெழுத்துத் தாள எடுங்க முதலாளி."

முகத்தைப் பார்த்தே ஏதோ என்று புரிந்துகொண்டார். "ரூமுக்குள்ள வாங்க. டீ சொல்றேன்."

"இங்கயே எடுங்க."

மெஷினை நிறுத்தினார்கள். பொன்னுச்சாமி கை துடைத்துக்கொண்டு வந்தார். என் காலத்து மெஷின்மேன் அவர் ஒருவர்தான் பாக்கி. தாளை விரித்தார்கள்.

"நீலம் கூடிப்போச்சு. புள்ள மேல தப்பில்ல. அவ எடுத்தது சரி. நான்தான் மாத்தச் சொன்னேன். என் கண்ணுக்கு நீலம் தெரியல முதலாளி. எம்புட்டு நாளாத் தெரியலன்னும் தெரியல."

மெஷின் நின்றுவிட்டால் அந்த ஹால் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. பொன்னுச்சாமிதான் வாயைத் திறந்தார்.

"எத்தன தடவ என் மெஷின நிறுத்திருப்பீங்க! இன்னைக்கு உங்க மெஷின நீங்களே நிறுத்துறீங்களாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆள் நல்லா இருக்கட்டும்.

பேனாவைத் திறந்து கோடு போடக் குனிந்தேன். கையெழுத்தைக் காணவில்லை. நீல மையில் போட்டது, நீலத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. தாளின்மேல் பேனா அலைந்தது. மாரி விரலை ஓர் இடத்தில் வைத்தாள். அவள் விரல் எடுத்த இடத்தில் கோடு போட்டேன்.

"அப்ப யாரக்கா பார்க்குறது இத?" என்றார் செல்வமணி.

"எடுத்தவ பார்க்கட்டும்."

மாரி முதல் பட்டையைத் திரும்பப் போட்டாள். சேமித்துவைத்திருந்ததால் பன்னிரண்டு படமும் மாற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. புதுத் தாள் எடுத்து வந்தார்கள். செல்வமணி இந்தத் தடவை கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கதிரேசனைக் கூப்பிட்டும் காட்டினார். கதிரேசன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "போடும்மா" என்றார். மாரி கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயரையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல் எழுதினாள். இனிமேல் பழகிக்கொள்வாள்.

ஜூலை 5, வெள்ளி

"தெரிஞ்சும் ஏன் சொல்லல நீ?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. ரொம்ப நீலமாத் தெரியலயான்னு."

"அது கேள்வி. சொல்றது வேற."

"நீங்க கைய தூக்குனா மெஷின் நிக்கும்னு சின்னப்புள்ளையில இருந்து கேட்டு வளர்ந்தவ அம்மாச்சி நான். என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

அம்மாச்சி சொல்லச் சொல்ல மாரி எழுதுகிறேன். இன்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வலி இல்லை. டாக்டர் சின்னப் பையன்போல் இருந்தார், ஆனால் கை ஆடவில்லை. லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, அது நீலத்தை உள்ளே விடாது என்று விளக்கினார். இடது கண் ஒரு மாதம் கழித்து. தினமும் ஆறு தடவை மருந்து விட வேண்டும். பாக்கியம் வந்து ஹார்லிக்ஸ் வைத்துவிட்டுப் போனாள். தலையணை உறையைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை என்று அம்மாச்சி எழுதச் சொல்கிறார்கள். (பேசினாள். அம்மாச்சி தூங்கிக்கொண்டிருந்தார்கள். - மாரி)

ஜூலை 20, சனி

கொடியில் கிடந்த தலையணை உறைகளைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுத் துணி நம் கொடியில் கிடக்கிறது என்று சத்தம் போட்டேன்.

வலது கண்ணை மூடினால் எல்லாம் பழைய வேட்டி. இடது கண்ணை மூடினால் சுண்ணாம்பு அடித்த வீடு. மாறி மாறி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்களுக்குக் கண்ணடிக்கிறேன் என்று மாரி கத்தினாள்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

பூஜை முடிந்து ஆல்பம் திறந்தார்கள். மாரியின் பன்னிரண்டு தாளையும் புரட்டிய மதுரை ஏஜெண்டு ஒருவர், "எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததா? இம்புட்டு ஊரு எப்படிச் சுத்துனீங்க?" என்று கேட்டார். செல்வமணி மாரியைக் கைகாட்டினார். ஆவணி முதல் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்.

நான் தனியாக ஒரு மூலையில் நின்று, கோடு போட்ட என் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கதிரேசன் சொன்னது குறைச்சல்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாரியை எழுப்பிக் கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். கருப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கொஞ்ச நேரம் கழற்றினேன்.

வெளுத்தது. அந்தப் பெண் சொன்ன வெளிர் நீலம் இருந்தது. சாம்பல் தூவினதுபோல். அடியில் ரோஸ். தண்ணீரில் பனையின் நிழல் கருநீலம். மாரியின் ஐந்து சொட்டும் அப்படியே இருந்தன. நான் கேட்ட நீலம் மட்டும் எங்கேயும் இல்லை. நல்ல கண்ணால் பார்த்தும் இல்லை. நன்றாக விடியட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்ப நீங்க சொன்ன நீலத்த எங்கதான் பார்த்தீங்க அம்மாச்சி?" என்றாள் மாரி. கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்பு முடிந்த லீவிலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறினேன். நாலு மணிக்கு வரும். தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டே போவோம். இறங்கும்போது விடிந்திருக்கும். அப்புறம் அச்சாபீஸில் முதல் ஷிப்ட்டு, அது முடிந்தால் ஓவர்டைம். இருட்டில் உள்ளே போனால் இருட்டில்தான் வெளியே வருவது. ஜன்னல் அடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெயில் முதுகில் சுடும்வரை தூக்கம். அறுபது வருஷமாக விடியுமுன் எழுந்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் விடிவதை நின்று பார்த்ததில்லை.

நான் பார்த்த விடியல் எல்லாம் தாளில் வந்ததுதான். ஏரியும் மலையும் அருவியும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில், மை ஈரம் காயாமல் என் கைக்கு வரும். அந்த நீலம் கூடாமல் குறையாமல் முப்பத்தொரு வருஷம் நான்தான் காவல் இருந்தேன்.

மாரியிடம் சொன்னேன். கரையில் கிடந்த கல் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். பிறகு, "அந்த ரெண்டாவது பட்டைய இன்னும் அழிக்கல. பேரில்லாமக் கிடக்கு. அழிச்சிரவா?" என்றாள்.

"எதுக்கு? அது கம்மா இல்ல, அம்புட்டுத்தான். இருக்கட்டும்."

"அப்ப என்ன பேர் போட?"

"முதல் ஷிப்ட்டுன்னு போடு."

போனில் குறித்துக்கொண்டாள். வெயில் ஏறும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. பஸ் எதுவும் பிடிக்க வேண்டியதில்லை.